குழல் தின்ற மூன்று விரல்

றெனோல்ட் எனக்குப் பொய்க் கணக்கு எழுதித் தந்து என் மானைக் கெடுத்தான் என்று பத்து மாதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேளாதவர்களுக்கும் சொன்னேன். கோயில் வாசலில் செருப்புக் கழற்றிக்கொண்டு நின்றவர்களைக்கூட விடவில்லை. "மட்டக்களப்பானை நம்பினேன் பார்" என்றும் ஒருநாள் சொன்னேன். ஊரைச் சொல்லிப் பழிக்கிற, சொல்லக்கூடாத வார்த்தை. சொன்னேன்தான்.

என் பெயர் குலேந்திரன். வயது எழுபத்தொன்று. மொன்ட்ரியால்-நோரில் மூன்றாம் மாடியில் நானும் மனிசி பாலாம்பிகையும் இருக்கிறோம். கோழித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருசம் நின்றவன் நான். கடைசி ஒன்பது வருசமும் பெட்டிக்கு லேபிள் ஒட்டினேன். ஒரே கோழிதான் வரும். அதை மூன்று விதப் பெட்டியில் போட்டு, மூன்று விதமாய் லேபிள் ஒட்டி, மூன்று கடைக்கு அனுப்புவோம். அதற்குப் பிறகு பெட்டியில் எழுதியிருக்கிற எதையும் நான் நம்புவதில்லை. பால் என்றாலும் சரி, மருந்து என்றாலும் சரி.

வேட்டைக்குப் போகத் தொடங்கியதும் அதனால்தான். கண் முன்னால் விழுந்த இறைச்சி என்றால் அது என்ன என்று தெரியும். கூட்டிக்கொண்டு போனவன் றெனோல்ட். அவன் அதே தொழிற்சாலையில் லொறி ஓட்டினவன், மட்டக்களப்பு ஆள், வேதக்காரன், லொங்குய்யில் வீடு. வேட்டை லைசென்ஸ் எடுக்கிற வகுப்புக்கும் இரண்டு பேரும் ஒன்றாய்த்தான் போனோம். எட்டுக் கார்த்திகை மாதம் அவனுடைய வாகனத்தில் உத்தவே பக்கத்துக் காட்டுக்குப் போய் வந்திருக்கிறேன். பாலாம்பிகைக்குத் துவக்கு என்றாலே பிடிக்காது. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இந்த மனிசன் அதைக் காசு குடுத்து வாங்குது" என்பாள். ஆனால் மான் இறைச்சிக் கறி வைத்தால் முதல் துண்டு அவளுக்குத்தான்.

முதல் ஏழு வருசமும் என்னிடம் இருந்தது ஒரு கிழட்டுத் துவக்கு. எண்பது மீற்றருக்கு மேலே அதனிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை. போன வருசம் ஆவணியில் அதைக் கொடுத்துவிட்டு, குறிபார்க்கிற ஸ்கோப் பூட்டின ஒரு கட்டைக் குழல் துவக்கு வாங்கினேன். பற்றைக்குள்ளே கொண்டு நடக்க லேசு. றெனோல்டின் துவக்கும் அதே ரகம், அதே ரவை, அதே கடையில் அதே பெட்டி. குழல் மட்டும் வேறு. அவனுடையது இருபத்துநாலு அங்குலம், என்னுடையது பதினெட்டு. ஆறு அங்குலத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

வாங்கின கையோடு சுட்டுப் பழகுகிற திடலுக்குப் போய், மேசையில் துவக்குக்கு அண்டையாய் மண்மூட்டை வைத்து, நூறு மீற்றருக்கு ஐந்து ரவை சுட்டேன். நடுவில் பட்டது. அந்த ஐந்துதான் என் முழுப் பயிற்சி. பிறகு புரட்டாதிச் சனி வந்தது, கௌரி விரதம் வந்தது, கந்தசஷ்டி வந்தது. வீட்டில் விரதம், துவக்கை வெளியே எடுக்கக்கூடாது என்று இருந்துவிட்டேன். வேட்டை தொடங்கக் கிட்ட றெனோல்டிடம் கேட்டேன், தூரம் போகப் போகச் சன்னம் கீழே இறங்குமே, அதற்கு எவ்வளவு மேலே பிடிக்கிறது என்று. அவன் சிகரெட் பெட்டி மட்டையில் எழுதித் தந்தான்:

"நூறுக்குச் சரி. இருநூறுக்கு ஆறு விரல். இருநூற்றைம்பதுக்கு ஒரு சாண்."

பெட்டி லேபிளை நம்பாத நான் அந்த மட்டையை நம்பினேன். கையால் எழுதினது என்றபடியால் நம்பினேன்.

சூரன்போர் முடிந்த சனிக்கிழமை காலை. காட்டுக்குள்ளே மரமில்லாத வெட்டை முடிகிற இடத்தில் ஒரு பட்ட மரம் நிற்கிறது. அது இருநூற்றைம்பது மீற்றர் என்று றெனோல்ட் முதலே அளந்து வைத்திருந்தான். அதற்குப் பக்கத்தில் ஒரு கொம்பன் மான் வந்து நின்றது. மேடு ஏறி வந்த களை எனக்கு ஆறவில்லை. முழங்காலைக் குத்தி இருந்து, மானின் நெஞ்சுக்கு ஒரு சாண் மேலே பிடித்து, விசையை இழுத்தேன். மான் விழவில்லை. முன்னங்கால் ஒன்று தொங்க, மூன்று காலில் பற்றைக்குள் போனது.

மத்தியானம் வரை துளித்துளியாய்க் கிடந்த இரத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். ஒரு சதுப்பு வந்தது. அதற்கு அங்கால் ஒன்றும் இல்லை. நான் ஒரு மரக்குற்றியில் இருந்து சொன்னேன்:

"உன்ரை சிட்டை பொய்."

றெனோல்ட் என்னைத் திரும்பிப் பார்த்தான். "துவக்கு உன்ர, கை உன்ர. சிட்டை மட்டும் என்ரயா?"

அதோடு சரி. ஒரு சொல் கதையாமல் மூன்று மணித்தியாலம் ஓட்டி வந்து என்னை வாசலில் இறக்கிவிட்டான். பேந்து தனியே காட்டுக்குத் திரும்பிப் போனான். இறைச்சி ஆசை என்று நினைத்தேன். அதையும் நாலு பேருக்குச் சொன்னேன்.

இந்த வருசம் நவராத்திரி முடிகிற கிழமை. நான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். பாலாம்பிகை போனைக் கையில் பொத்திக்கொண்டு வந்தாள்.

"யோசெப்பின் எடுத்தவா."

யோசெப்பின் என்றால் றெனோல்டின் மனிசி. ஆம்பிளைகள் கதையாமல் இருந்தாலும் இவர்கள் இரண்டு பேரும் கிழமைக்கு இரண்டு தரம் கதைப்பார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"என்னவாம்?"

"இந்த வருசமும் வாகனத்திலை உங்களுக்கு ஒரு இடம் கிடக்காம்."

"அவன்ரை இடம் ஆருக்கு வேணும்?"

"முழுக்கக் கேளுங்கோ. சும்மா இல்லையாம். உங்கட துவக்காலை நீங்கள் சுட்ட கடதாசி கொண்டு வரவேணுமாம். கடதாசி இல்லாட்டி இடமும் இல்லையாம்."

"எனக்குச் சோதனை வைக்கிறானோ? லொறிக்காரன்!"

"ஓமோம், நீங்கள் பெரிய புறொபெசர்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் அதே கோபத்துக்குள் ஒரு யோசனையும் வந்தது. திடலுக்குப் போவேன். அவன் சிட்டையில் இருக்கிறபடியே பிடித்துச் சுடுவேன். பொய் என்று கடதாசியே சொல்லும். அதைச் சுருட்டிக்கொண்டு போய் அவன் முகத்துக்கு நேரே விரிப்பேன். அவன் கேட்டதும் கடதாசிதானே.

"போறன்தான்," என்றேன். "ஆனால் நாளையிண்டைக்கு உன்ரை கௌரி விரதம் தொடங்குது. போன வருசம் மாதிரித் துவக்கைத் தொடாதேங்கோ எண்டு நிப்பாய்."

பாலாம்பிகை இடுப்பில் கை வைத்தாள். "நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்?"

"போன வருசம்."

"போன வருசம் நான் சொன்னது, விரதம் முடியுமட்டும் இறைச்சியை வீட்டுக்கை கொண்டு வராதேங்கோ எண்டு. கடதாசியிலை இரத்தம் வருமே? குளிருக்கை வெளிக்கிடப் பஞ்சியிலை நீங்கள் குந்தியிருந்துபோட்டு, என்ரை விரதத்திலை சாட்டுறியள்!"

நான் தொலைக்காட்சியைப் பார்த்தேன். அதில் விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. இருந்தாலும் பார்த்தேன்.

அடுத்தநாள் சரஸ்வதி பூசை. பாலாம்பிகை, பூசைக்கு வந்த பேத்தி நிருஷாவின் கொப்பிகளைப் படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டு, "உங்கட சாமான் ஏதும் வைக்கிறதோ?" என்று கேட்டாள். கோழி வெட்டின கத்தியைத் தொழிற்சாலையோடேயே விட்டாயிற்று. வேறு என்ன கருவி இருக்கிறது எனக்கு? நான் பெட்டகத்தைத் திறந்து, துவக்கின் போல்ட்டை மட்டும் துணியில் சுற்றிக் கொண்டு வந்தேன். ரவையைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டுகிற துண்டு அதுதான். எப்போதும் தனியாய்க் கழற்றித்தான் வைத்திருப்பேன். அது இல்லாவிட்டால் துவக்கு வெறும் இரும்புக் குழாய்.

"ஐயோ! துவக்கை வைக்க விடமாட்டன்."

"இது துவக்கு இல்லை. கால் பங்கும் வராது."

வாய்க்குள் புறுபுறுத்துக்கொண்டு அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். நிருஷா பிரெஞ்சில் கேட்டாள், இது என்ன, கதவுப் பூட்டா என்று. ஓம், பூட்டுத்தான் என்றேன்.

விசயதசமி அன்று சின்னப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவார்கள். நான் போல்ட்டை எடுத்துக்கொண்டு திடலுக்குப் போனேன்.

திடல் வடக்கே, காரில் நாற்பது நிமிசம். அங்கே பொறுப்பாய் நிற்கிறவள் ஜினெத். அறுபது வயதிருக்கும், தலையில் தோடம்பழ நிறத் தொப்பி, லொறி ஹோர்ன் மாதிரிக் குரல். என் பெயர் அவள் வாயில் நுழையாது, "கூலே" என்பாள். அவள் சொன்னதை எனக்கு விளங்கினபடி எழுதுகிறேன். என்னுடையது தொழிற்சாலைப் பிரெஞ்சு.

போல்ட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "இந்தச் சிவப்பு என்ன? துருவா?"

"சாமி," என்றேன்.

"சாமியைத் துடை. உள்ளே தூள் இருந்தால் இங்கே ஒரு ரவை சுடமாட்டாய்."

எண்ணெய்த் துணியால் துடைத்தேன். காதுக்கு மூடியைப் போட்டுக்கொண்டு, மேசையில் மூட்டை வைத்து, நூறு மீற்றருக்குச் சுட்டேன். கொஞ்சம் வலக்கைப் பக்கம் விலகியிருந்தது. ஸ்கோப்பைத் திருகித் திருகி மூன்றாம் தடவையில் நடுவில் கொண்டுவந்தேன். பிறகு இருநூறு மீற்றருக்குப் போய்ப் புதுக் கடதாசி குத்தினேன். கறுப்பு வட்டத்துக்கு மேலே என் ஆறு விரலை வைத்துப் பேனையால் ஒரு கோடு கீறினேன். திரும்பி வந்து அந்தக் கோட்டைப் பிடித்து மூன்று ரவை. சிட்டை சரி என்றால் வட்டத்தின் நடுவில் படவேண்டும்.

பட்டது இரண்டரை விரல் கீழே. மூன்றும் ஒரே இடத்தில்.

நான் சிரித்த சிரிப்பில் ஜினெத் கிட்ட வந்துவிட்டாள்.

"பிழையாய்ச் சுட்டுவிட்டுச் சிரிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்."

"பொய்க் கணக்கு எழுதித் தந்தவனைப் பிடித்துவிட்டேன்," என்று சிகரெட் மட்டையைக் காட்டினேன். விரல் என்றால் என்ன, சாண் என்றால் என்ன என்று கையால் செய்து காட்டினேன். அவள் மட்டையைப் பார்க்கவில்லை. என் துவக்கைப் பார்த்தாள்.

"குழல் எத்தனை?"

"பதினெட்டு."

"எழுதினவனுடையது?"

"இருபத்துநாலு."

அவள் உள்ளே போய், சோப்புப் பெட்டி அளவில் ஒரு சாமான் கொண்டுவந்து என் குழலுக்குப் பக்கத்தில் வைத்தாள். சன்னம் போகிற வேகத்தை அளக்கிற பெட்டி. பத்து ரவை சுடச் சொன்னாள். குழல் சூடேறாமல் ஆறுதலாய்ச் சுட்டேன். ஒவ்வொரு வெடிக்கும் பெட்டியில் ஓர் இலக்கம் விழுந்தது. பத்தையும் கூட்டிப் பிரித்துக் காட்டினாள். செக்கனுக்கு இரண்டாயிரத்து அறுநூற்றைம்பத்தைந்து அடி.

"இப்போது ரவைப் பெட்டியை வாசி."

பெட்டியில் இரண்டாயிரத்து எண்ணூற்றிருபது என்று இருந்தது. பார்த்தாயா, பெட்டியும் பொய் என்றேன்.

"அதற்குக் கீழே வாசி."

கீழே எறும்பு மாதிரி எழுத்து. கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து வாசித்தேன். இருபத்துநாலு அங்குலக் குழலில் அளந்தது என்று போட்டிருந்தது. ஒன்பது வருசம் லேபிள் ஒட்டினவன், சின்ன எழுத்தை வாசிக்காமல் விட்டுவிட்டேன்.

"வெடிமருந்து எரிந்து சன்னத்தைத் தள்ளுகிறது," என்றாள். "நீளக் குழல் என்றால் கூடத் தூரம் தள்ளும். உன்னுடையதில் தள்ளி முடிக்க முதலே சன்னம் வெளியே வந்துவிடுகிறது. வேகம் குறைந்தால் அந்தத் தூரத்துக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். நேரம் எடுத்தால் கூட விழும். இதில் பொய் எங்கே இருக்கிறது?"

"அப்ப பதினெட்டு அங்குலம் எல்லாம் இந்த வேகம்தானா?"

அவள் தன் துவக்கைக் கொண்டுவந்தாள். அதுவும் பதினெட்டு. என் பெட்டியிலிருந்தே ரவை எடுத்துச் சுட்டாள். நாற்பது அடி கூடக் காட்டியது.

"ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே ஓட்டமா ஓடும்? உன் கணக்கை உன் குழலில்தான் அளக்கவேண்டும். அவன் எழுதினது பொய் இல்லை, கூலே. அது அவனுடையது."

எனக்கு மனம் ஒரு பக்கம் இறங்கினாலும் மறுபக்கம் ஏறியது. சரி, றெனோல்ட் பொய் சொல்லவில்லை. ஆனால் பிழை என்னிலும் இல்லை. குழலில்! குழல் செய்த பிழைக்கு நான் என்ன செய்ய? போன வருசம் மான் பட்ட கதையைச் சொன்னேன். இருநூற்றைம்பது மீற்றர், முன்னங்கால் என்று.

ஜினெத் போனில் எதையோ தட்டிக் கணக்குப் பார்த்தாள். "இரண்டு குழலுக்கும் அந்தத் தூரத்தில் இரண்டு அங்குல வித்தியாசம். உன் விரலில் மூன்று. பட வேண்டிய இடத்துக்கு எவ்வளவு கீழே பட்டது?"

நெஞ்சிலிருந்து கால் வரை மனதில் அளந்தேன். "ஒரு சாண்."

"ஒரு சாணுக்கு எத்தனை விரல்?"

"பன்னிரண்டு."

"குழல் மூன்று. மிச்சம் ஒன்பது?"

நான் கையை விரித்து எண்ணிப் பார்த்தேன்.

"அன்றைக்கு மேசை இருந்ததா?" என்று கேட்டாள்.

"இல்லை. முழங்கால்."

"ரவையை வெளியே எடு. துவக்கைத் திறந்தபடி மேசையில் வை. அந்த மண்மேடு வரை வேகமாய் நடந்து போய் வா. இரண்டு தரம்."

நான் போய் வந்தேன். வயது எழுபத்தொன்று என்பதை அவள் கணக்கில் எடுக்கவில்லை. மூச்சு வாங்க வாங்க முழங்காலில் இருந்து, இருநூறு மீற்றருக்கு ஐந்து ரவை சுட்டேன். கடதாசியைப் போய்ப் பார்த்தால், ஒன்று மேலே, ஒன்று இடப்பக்கம், இரண்டு கடதாசியின் கீழ் விளிம்பிலே. ஐந்தாவது கடதாசியிலேயே இல்லை.

அந்த ஐந்தாவதைத்தான் கனநேரம் தேடிக்கொண்டு நின்றேன். அது எங்கே போனது? மண்மேட்டில் புதைந்திருக்கும். போன வருசம் என் முன்னால் மண்மேடு நிற்கவில்லை.

ஜினெத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லாய் இருந்திருக்கும். "வேட்டைக்கு எத்தனை நாள் இருக்கிறது?"

"ஒரு மாதம்."

"ஒரு மாதம் போதும்," என்றாள். "கிட்டத்திலிருந்து தொடங்கு. ஐந்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுகிற தூரம் எதுவோ, அதுதான் உன் தூரம். அதற்கு அங்கால் மான் நின்றால் வணக்கம் சொல்லு."

அந்த மாதம் நாலு தரம் போனேன். மேசையை விட்டுவிட்டேன். முழங்காலில் இருந்தும், மரத்தில் சாய்ந்தும், நடந்து வந்து மூச்சோடும் சுட்டேன். கையில் குளிர் உறை போட்டபடி சுட்டுப் பழகினேன். ஐம்பதில் ஐந்தும் தட்டுக்குள் வந்தது. எண்பதிலும் வந்தது. நூற்றிருபதில் மூன்றாம் கிழமைதான் வந்தது. நூற்றைம்பதில் எப்போதும் ஒன்று வெளியே போனது. என்ன செய்தும் போனது. பார்த்தேன். சரி, நூற்றிருபது என்று முடிவெடுத்தேன். வீட்டுக்கு வந்தால் பாலாம்பிகை விரதச் சோறு போடுவாள். "என்ன, இண்டைக்கு எத்தினை கடதாசியைக் கொண்டனீங்கள்?" என்பாள். வெண்டிக்காய்ப் பால்கறியைக் குழைத்துக்கொண்டே, "எல்லாம் காயப்பட்டுக் கிடக்கு. ஒண்டும் தப்பி ஓடேல்லை" என்பேன்.

கடைசிக் கடதாசியைச் சுருட்டி றப்பர் பாண்ட் போட்டேன். துவக்கு பெட்டகத்தில் கிடக்க, கடதாசியோடு மட்டும் பஸ் ஏறி, மெற்றோ ஏறி, பெரி ஸ்டேசனில் மாறி, மஞ்சள் கோட்டில் ஆற்றுக்குக் கீழால் லொங்குய்யுக்குப் போனேன். அவன் முகத்தில் விரிக்க என்று வெளிக்கிட்ட கடதாசி வேறு. இது வேறு. எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.

யோசெப்பின் கதவைத் திறந்தாள். "வாங்க அண்ணன், வாங்க," என்றாள், நேற்றும் வந்து போனவனுக்குச் சொல்வது போல. றெனோல்ட் குசினி மேசையில் பனிச் சப்பாத்துக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"கடதாசி கொண்டந்தியா?"

நான் விரித்தேன். அவன் ஐந்து ஓட்டையையும் எண்ணினான். "எவ்வளவு தூரம்?"

"நூற்றிருபது. முழங்காலிலை. மேடு ஏறி வந்த மூச்சோடை."

"இருநூறு?"

"இருநூறு இல்லை. எனக்கு நூற்றிருபதுதான்."

அவன் கை நின்றது. நான் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். இருந்து சொன்னால் சொல்ல வராது.

"உன்ரை சிட்டை பொய் இல்லை. அது உன்ரை குழலுக்கு எழுதினது. என்ரை குழல் கட்டை. அது மூண்டு விரல் திண்டது. மிச்சம் ஒன்பது விரலும் நான். ஐஞ்சு ரவை சுட்டுப்போட்டு, விரதத்தைச் சாட்டிக்கொண்டு வீட்டிலை கிடந்தனான். ஊரெல்லாம் உன்னைப் பற்றிக் கதைச்சனான்."

"தெரியும். கோயில் வாசலில கதைச்சது ஞாயிறுப் பூசைக்கு முதலே எங்கட சேர்ச்சுக்கு வந்திட்டு."

"மட்டக்களப்பான் எண்டும் சொன்னனான்."

"அதுவும் வந்த. மறுகா அதுக்கு யோசெப்பின் சொன்ன பேச்சு உனக்கு வரல்ல போல." அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அண்டைக்கு என்னை இறக்கிப்போட்டுத் திரும்பிப் போனாய். இறைச்சிக்குத்தான் போறாய் எண்டு நினைச்சனான்."

சிரிப்பு நின்றது. சப்பாத்தைக் கீழே வைத்தான். "உன்ர மானைத் தேடிப் போன, மச்சான். அடுத்த ரெண்டு நாளும் சதுப்புக்கு அங்கால சுத்திப் பாத்த. கிடைக்கல்ல. அந்த வருசம் நான் ஒண்டும் சுடல்ல."

யோசெப்பின் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். எழுபத்தொரு வயதில் ஒருவன் முன்னால் தலை குனிந்து இருப்பது லேசு இல்லை. இருந்தேன்.

"நானும் கேட்டிருக்கோணும்," என்றான் றெனோல்ட். "உன்ர குழல் எவ்வளவு எண்டு கேட்காம, டொக்டர் மாதிரி மருந்து எழுதித் தந்திட்டன். சரி, இருநூறில எவ்வளவு விழுந்த?"

"இரண்டரை விரல். குழலுக்கு ஒன்றரை எண்டாள் அந்த மனிசி. மற்ற ஒண்டு எங்காலை எண்டு அவளுக்கே விளங்கேல்லை. மூட்டை வைச்சுச் சுட்டது, என்ரை கையும் இல்லை."

றெனோல்ட், நான் கடதாசிக்குள் சுருட்டிக் கொண்டுவந்த சிகரெட் மட்டையை எடுத்து இங்காலும் அங்காலும் திருப்பினான். பிறகு தன் வலக்கையை மேசையில் விரித்தான். "வை உன்ர கைய."

பக்கத்தில் வைத்தேன். லொறி ஸ்ரியறிங் பிடித்த கை அது, முருங்கைக்காய் மாதிரி விரல்கள். என் ஆறு விரலுக்கு அவனுடைய ஐந்து காணும். சாணை விரித்தான். நானும் விரித்தேன். இரண்டு விரல் இடைவெளி.

"கடவுளே," என்றாள் யோசெப்பின். "இவ்வளவு வயசுக்கு ரெண்டு பேரும் கையால அளந்தா மான் சுட்டீங்க?"

"அப்ப ஒன்பது இல்ல," என்றான் றெனோல்ட். "ரெண்டு என்ர கை. நீ ஏழு."

"ஏழு," என்றேன்.

ஏழும் பெரிய கணக்குத்தான். ஆனாலும் அந்த இரண்டை அவன் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டானே, அதில் என் நெஞ்சு கொஞ்சம் லேசானது. மட்டையை அவன் கிழித்துக் குப்பையில் போட்டான்.

"உன்ரை குழலை நீ எப்பவாவது அளந்து பாத்தனீயோ?" என்று கேட்டேன்.

"பெட்டியில இருக்கிறதுதானே."

"பெட்டியையோ நம்பினனீ!"

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் ஜினெத்திடம் போனோம். அவனுடைய நீளக் குழல் இரண்டாயிரத்து எழுநூற்றெண்பது காட்டியது. பெட்டி சொன்னதுக்கு நாற்பது அடி குறைவு. காது மூடிக்குள்ளே சிரித்தேன். முழங்காலில் அவனுக்கு நூற்றெழுபது வந்தது. அவரவர் துவக்கின் மரக்கட்டையில் அவரவர் தூரத்தை வெள்ளை ரேப்பில் எழுதி ஒட்டினோம். எவ்வளவு மேலே பிடிக்கிறது என்பதைச் சென்ரிமீற்றரில் எழுதினோம். விரல் வேண்டாம் என்று ஜினெத் சொல்லிவிட்டாள்.

கார்த்திகை முதல் சனி. அதே வெட்டை, அதே பட்ட மரம். விடிந்து வெளிச்சம் வந்த கையோடு ஒரு கொம்பன் அந்த மரத்தடிக்கு வந்தது. போன வருசத்ததை விடப் பெரிது. பக்கவாட்டில், படம் எடுக்க நிற்கிறது போல நின்றது. என் ஸ்கோப்பில் அதன் மூச்சு ஆவியாய்ப் போகிறது தெரிந்தது. பாதுகாப்புப் பூட்டை நான் திறக்கவில்லை, விசையில் என் விரலும் இல்லை. வெளியே, கட்டையில் ஒட்டின ரேப்பின் மேல் இருந்தது. 120.

"என்ன மச்சான்?" என்று றெனோல்ட் காதுக்குள் கேட்டான்.

"என்ரை இல்லை. நீ?"

"என்ரயும் இல்ல."

நாங்கள் பார்த்துக்கொண்டு இருந்தோம். பத்து நிமிசம் நின்றது. புல்லை மேய்ந்தது, காதை ஆட்டியது, பிறகு தன் பாட்டில் பற்றைக்குள் நடந்து போனது. அதன் காலைத்தான் நான் பார்த்தேன். ஒவ்வொரு காலாய்ப் பார்த்தேன்.

ஞாயிறு பின்னேரம் வெறுங்கையோடு படியேறினேன். பாலாம்பிகை கதவைத் திறந்து முதலில் என் முகத்தையும், பிறகு என் கையையும், பிறகு பின்னால் துவக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த றெனோல்டையும் பார்த்தாள். இஞ்சி, உள்ளி எல்லாம் அரைத்து வைத்திருந்த வாசம் வந்தது.

"இறைச்சி எங்கை?"

"காட்டிலை நிக்குது," என்றேன். "நாலு காலிலை."